ஜெர்மனிக் கொடி

"அதை இல்ல, பக்கத்துல இருக்கறத வெட்டு. கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

நாகநாதனின் குரல் ஜன்னலிலிருந்து வந்தது. எழுந்து உட்காரக்கூட முடியாத மனிதர், கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி, கொல்லையில் மகள் கொடி கத்தரிப்பதைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். டாக்டர் இரண்டு நாள் என்று சொல்லியிருந்தார். அதில் ஒன்றரை நாள் கொடிக்கே போய்விட்டது.

குந்தவை பக்கத்துக் கொழுந்தை வெட்டினாள். ஒரு வேருக்கு மூன்று கொழுந்துதான். மற்றதெல்லாம் தரையோடு போக வேண்டும். அடியில் இலை நிற்கக் கூடாது. கயிற்றில் வலமாகத்தான் சுற்றிவிட வேண்டும். ஆறு வருடமாகக் கேட்ட பாடம். அப்பாவின் தம்பி மருதையன் மகன் செழியன் ஜெர்மனியிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஹாப்ஸ் வேர் அது. பீருக்குக் கசப்பு சேர்க்கும் காய் காய்க்குமாம். வலங்கைமான் வெயிலில் நெல்லே வாடும்போது இதற்கு நிழல்வலை. மார்கழியில் அப்பா அதிராம்பட்டினம் லியாகத் அலியின் மீன் வண்டியிலிருந்து ஐஸ் வாங்கி வேரடியில் கொட்டுவார், பனி பெய்ததாகக் கொடி நம்ப வேண்டுமென்று. அம்மா செத்த வாரம்கூட ஐஸ் வந்தது.

இரண்டு வருடமாகப் பூக்கிறது, கொத்துக்கொத்தாகப் பொடிப் பூ. பிளஸ் டூவுக்குத் தாவரவியல் பாடம் எடுக்கும் குந்தவைக்கு முதல் கொத்திலேயே தெரிந்துவிட்டது: ஆண் கொடி, காய்க்கவே காய்க்காது. சொல்லவில்லை. ஒத்தைப் பொட்டப்பிள்ளையைப் பெற்றுவிட்டு யாரை நம்புவது என்று அவர் ஊரில் புலம்பிய ஒவ்வொரு முறையும் அதை மனசுக்குள் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்வாள். நல்ல சமயம் வரட்டும் என்று. இப்போது சமயமே தீர்ந்துகொண்டிருந்தது.

"செழியன் கை பட்டிருந்தா இந்நேரம் காய்ச்சிருக்கும். நீ புல்லு அறுக்கற மாதிரி அறுக்கற."

அவள் ஜன்னல் கம்பிக்கு அருகில் வந்தாள்.

"அது ஆண் கொடிப்பா. காய்க்காது."

அவர் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் சளி இழுத்தது.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"பூத்த அன்னைக்கே செழியனுக்கு போட்டோ அனுப்பினேன். புடுங்கிப் போட்டுருங்க பெரியப்பான்னான்." மூச்சு வாங்கினார். "இந்த வீட்டுல ஆம்பளைன்னு அது ஒண்ணாவது இருந்துட்டுப் போவட்டும்."

பிறகு, அவள் நான்கு கொழுந்து விட்டிருப்பதாகக் குறை சொன்னார். மூன்று மணிக்குச் செத்துப்போனார்.

கொள்ளிக்குச் செழியன் வருவான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் செழியன் போனில் வந்தான். பிணத்தின் முகத்துக்கு நேரே மருதையன் போனைப் பிடித்திருக்க, "பெரியப்பா" என்று ஒரு முறை கூப்பிட்டான், சிக்னல் போய்விட்டது. கொள்ளிச்சட்டிக்கு யார் என்று அதன் பிறகு யோசித்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற குந்தவையைத் தாண்டிப் போய் மருதையனே சட்டியைத் தூக்கினார், தூக்கத் தெரியாமல், புகையில் இருமிக்கொண்டு.

பிணம் தெரு தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். குந்தவை தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு கொல்லைக்கு வந்தாள். அவர் சொன்னபடியே கடைசி வேரில் நான்கு கொழுந்து இருந்தது. ஒன்றை வெட்டினாள். கொடி குலுங்கி, மேலிருந்த பூக்கள் மகரந்தத்தைக் கொட்டின. ஈரத் தோளில் ஒட்டிய மஞ்சளைத் துடைத்தாள். அது இழுபட்டுக் கழுத்துவரை அப்பிக்கொண்டது.