கவியரங்குக்குப் போன கோழி

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் லோஞ்ச் என்கிற பயணிகள் படகு ஓட்டிய முத்தலிபுக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் கவிதை ஆசை வந்தது. அறுபத்தெட்டாம் ஆண்டு மாரி ஓய்ந்து, கொட்டியாரக் குடா அலையில்லாமல் கிடந்த மாசி மாதம். நகரத்து வாசிகசாலையில் சித்திரையில் இளவேனில் கவியரங்கு நடக்கும், பறவைகளைப் பற்றியும் பூக்களைப் பற்றியும் யாரும் வந்து பாடலாம் என்று இறங்குதுறையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முத்தலிப் அதை இரண்டு தரம் வாசித்தார். 'யாரும்' என்ற சொல் தன்னைப் பார்த்தே எழுதப்பட்டதாக அவருக்குப் பட்டது.

அன்றிலிருந்து லோஞ்சில் போனவர்களுக்குச் சோதனை காலம் தொடங்கியது. சுக்கானைப் பிடித்தபடி அவர் பாடுவார். நடுக்கடலில் யார் இறங்கிப் போக முடியும்?

"குயிலே குயிலே கூவு குயிலே
வெயிலே வெயிலே போகாதே வெயிலே"

"வெயில் போனால் நல்லதுதானே, காக்கா?" என்று கேட்டார் சின்னப்போடி. முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னப்போடி கட்டைபறிச்சான் ஊரில் வயல் செய்கிற கமக்காரர். கிழமைக்கு ஒரு தரமாவது லோஞ்சில் வருகிறவர்.

"குயிலுக்கு எதுகை வேணுமே, போடியார்."

"எதுகைக்காக எங்களை வேகவைக்கிறீங்களோ?"

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவி பல்கீஸ் குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள்: "நீங்க குயிலக் கண்டிருக்கீங்களா?"

"சத்தம் கேட்டிருக்கிறன்."

"என்ன நிறம் அது?"

முத்தலிப் கொஞ்சம் யோசித்தார். "பச்சை."

பல்கீஸ் அகப்பையால் சட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டே போதுமானதாக இருந்தது.

பங்குனியில் ஒரு காலை, சின்னப்போடி சிவத்த பேட்டுக்கோழி ஒன்றைப் பனையோலைக் கடகத்தில் வைத்து, மேலே துணி கட்டி, லோஞ்சில் ஏறினார். திருகோணமலை அன்புவழிபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் ராசமலருக்குக் கொண்டுபோகிறார். லோஞ்ச் குடாவின் நடுவுக்கு வந்ததும் முத்தலிப் வழக்கம்போலக் குரலை உயர்த்தி, "குயிலே!" என்றார்.

கோழிக்கு அது பிடிக்கவில்லை. துணியைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, இரண்டு பெண்களின் மடியில் மிதித்து, நேரே வந்து முத்தலிபின் தொப்பியில் ஏறி நின்றது. அவர் சுக்கானை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். லோஞ்ச் ஒரு பெரிய வட்டம் போட்டது. தூரத்தில் தெரிந்த திருகோணமலை நழுவிப் போய், எதிரே மூதூர் வந்து நின்றது.

"ஏன் மகன், திரும்பி ஊருக்கா போறம்?" என்று பின்னாலிருந்த ஒரு கிழவி கவலையோடு கேட்டாள்.

சின்னப்போடி ஒரு கையால் சுக்கானையும் மறுகையால் கோழியையும் பிடிக்கப் பார்த்தார். சுக்கான் அகப்பட்டது, கோழி அகப்படவில்லை. அது மூலையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றுக்குள் குதித்து, உடம்பை இருத்தி, கண்ணை அரைவாசி மூடியது. கொஞ்ச நேரத்தில் அது எழுந்து நின்று, குடா அதிரக் கொக்கரித்தது. கயிற்றுக்குள் ஒரு முட்டை கிடந்தது.

முத்தலிப் அந்தக் கோழியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பறவையை அவர் இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அதன் கழுத்து இறகில் வெயில் பட்டுச் செம்பாய் மின்னியது. வாயிலிருந்து சொல் தானாக வந்தது.

"கூப்பிட்டால் ஓடி வருகுதுபார்... குசினிக்குள் முட்டை இடுகுதுபார்..."

"இது நல்லாயிருக்கு!" என்றார் சின்னப்போடி. முட்டையை எடுத்து முத்தலிபின் கையிலேயே கொடுத்தார். "கோழியப் பாடுங்கோ, காக்கா. குயில் பாவம், விட்டிடுங்கோ."

சித்திரையில் கவியரங்குக்கு முத்தலிப் வெள்ளைச் சட்டை போட்டுப் போனார். சின்னப்போடியும் ராசமலரும் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். தலைவர் கலீலுர் றஹ்மான் மாஸ்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதல் கவிஞர் குயிலைப் பாடினார். இரண்டாமவரும் குயில். மூன்றாமவர் சோகக் குயில். நாலாமவர் பாடியது மயிலைப் பற்றி என்றாலும் கடைசியில் ஒரு குயில் வந்து சேர்ந்தது. சபை ஒவ்வொன்றுக்கும் அடக்கமாகக் கைதட்டியது.

இவ்வளவு பெரிய சபையில் முத்தலிப் கோழியோடு எப்படி ஏறுவது? பெயர் கூப்பிடுகிறபோது அவர் முடிவெடுத்துவிட்டார். கோழி வருகிற இடமெல்லாம் குயில் என்று சொல்லிவிட்டால் சரி.

"வேப்பம்பூ கொட்டுது முற்றத்திலே – குயில்
வெயில்காயக் கிடக்குது மண்ணுக்குள்ளே
கூப்பிட்டால் ஓடி வருகுதுபார் – குயில்
குசினிக்குள் முட்டை இடுகுதுபார்"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. முத்தலிபுக்குக் காது சுட்டது. அடுத்த வரி மறந்துபோய்விட்டது. இறங்கி ஓடிவிடலாமா என்று படியைப் பார்த்தார்.

சின்னப்போடி எழுந்தே விட்டார். "காக்கா! அது குயிலில்ல, என்ர பேடு! எல்லாருக்கும் முன்னால அதின்ர பேரை மாத்துறீங்களோ?"

ராசமலர் தகப்பனின் சால்வையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை.

மாஸ்டர் கையை உயர்த்தினார். "அமைதி, அமைதி. குயில் முட்டைக்குக் காக்கா பொறுப்பெடுக்கிறது உலகத்தில நடக்கிற விசயம்தானே." சபை வெடித்துச் சிரித்தது. முத்தலிபுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் அவர் பக்கம் திரும்பி, "கோழியையே பாடுங்க. குயில் கேட்டுக் கேட்டு எனக்கும் நித்திரை வருது" என்றார்.

முத்தலிப் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாவது அடிக்குள் சபைக்கு விளங்கிவிட்டது. அவர் நிறுத்துகிற இடத்தில் எல்லோருமாகக் "கோழி!" என்று கத்தினார்கள்.

"பச்சரிசி கண்டால் பறக்குதுபார் – கோழி!
பானையைத் தட்டி உடைக்குதுபார்
பிஞ்சுக் குஞ்செல்லாம் சிறகுக்குள்ளே – கோழி!
பஞ்சுபோல் தூங்குது பெட்டிக்குள்ளே"

கைதட்டல் ஓய நேரமெடுத்தது. சோகக் குயில் பாடியவரும் தட்டினார்.

அடுத்த கிழமை லோஞ்சில் ஆளுக்கொரு விண்ணப்பம். ஒருத்திக்குத் தன் வீட்டுத் தாரா வாத்தைப் பாட வேண்டும். இன்னொருத்தி வீட்டு மைனாவைச் சொன்னாள். ஆட்டைப் பாடச் சொல்லிக் கேட்டவளிடம் அது பறவையில்லை என்று விளக்க, முத்தலிபுக்கு மூதூர் இறங்குதுறை வரைக்கும் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் அவர் பல்கீஸைக் கூப்பிட்டு இருத்தி, முழுப் பாட்டையும் பாடிக் காட்டினார். அவள் மீன் செதில் வழித்தபடி கடைசி வரை கேட்டாள்.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். அவர் முகம் மலரும் வரைக்கும் பொறுத்திருந்து, "ஆனா குஞ்சோட கிடக்கிற கோழி தூங்காது. ஒரு கண் முழிச்சபடிதான் கிடக்கும்" என்றாள்.

முத்தலிப் வெளியே போய், பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால், அங்கே குஞ்சோடு கிடந்த கோழியை வெகுநேரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஓம் புள்ள, மெய்தான். 'பஞ்சுபோல் முழிக்குது' எண்டு மாத்தவா?"

"பஞ்சு முழிக்குமா?"

அவர் அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். இருவரும் அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணக்கத் தொடங்கியது.