பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டருக்கு முன்னால் சம்பங்கி மத்தியானத்திலிருந்து காவல் உட்கார்ந்திருந்தாள். அதற்கு ஓடிப்போகும் எண்ணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதை யாரும் அணைத்துவிடக் கூடாது. அதற்குத்தான் காவல்.

பிரேக் பாகங்கள் செய்யும் அந்தப் போச்சம்பள்ளிக் கம்பெனியில் மூன்று ஷிஃப்ட்டும் ஓடுகிற மெஷின் அது. சித்திரையில் போட்டது, புரட்டாசி வரை அணைக்கவில்லை. இந்த வாரம் அது தன் இஷ்டத்துக்கு லேபிள் அடிக்கத் தொடங்கியது. லாரி பாகப் பெட்டிக்கு ஸ்கூட்டர் பாகத்தின் எண்ணைப் போட்டது. ஸ்கூட்டர் பாகத்துக்கு, கம்பெனி பிறந்ததிலிருந்து செய்யாத ஏதோ ஒரு பொருளின் எண்ணைப் போட்டது. ஓசூருக்குப் போன சரக்கு போன வேகத்தில் திரும்பி வந்தது.

மெயின்டனன்ஸ் மேனேஜர் அண்ணாதுரை பாதி டீ குடிப்பதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். சம்பங்கி அந்தக் கம்ப்யூட்டரில் தன் போனுக்குச் சார்ஜ் போடுவாள். எல்லோரும்தான் போடுவார்கள். லேபிள் மாறிய அன்றைக்கு ஷிஃப்ட்டில் இருந்தது அவள்.

"வைரஸ் உன் போன்ல வந்ததுன்னு உறுதியாச்சுன்னா கார்டைப் பிடுங்கிடுவன்" என்றான் அவளைக் கம்பெனிக்கு அனுப்பிய கான்ட்ராக்டர் மோகன்குமார். "போட்டோவை எல்லாக் கேட்டுக்கும் அனுப்பிடுவன். அப்புறம் இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியிலயும் கால் வைக்க முடியாது."

"சார், போன வாரம் நீங்கதான பென் டிரைவ் போட்டு, பொண்ணு கல்யாணத் தாம்பூலப் பைக்கு ஸ்டிக்கர் அடிச்சீங்க" என்றாள் சம்பங்கி, அண்ணாதுரையைப் பார்த்து. "அப்ப இருந்துதான் ஸ்கிரீன் ஒரு மாதிரி மினுக்குது."

"என் பென் டிரைவ் சுத்தமானதும்மா" என்றார் அவர்.

பெங்களூரிலிருந்து வெஸ்லின் என்கிற நிபுணர் ஸ்பீக்கரில் பேசினார். "இது டிஸ்க்ல தங்காதுங்க. வந்த ஃபைலை அழிச்சிட்டு மெமரிக்குள்ள ஒளிஞ்சுக்கும். மெஷின் ஓடிட்டிருந்தா மெமரியை அப்படியே காப்பி எடுத்துப் பாத்துடலாம். அணைச்சா எல்லாம் போயிடும். நெட் வயரைக் கழட்டிடுங்க, கரண்டைத் தொடாதீங்க. நாளன்னைக்குக் காலைல வர்றேன்."

"போன் வழியா வந்துச்சா, பென் டிரைவ் வழியா வந்துச்சான்னு தெரியுங்களா சார்?" என்று கேட்டாள் சம்பங்கி.

"தெளிவாத் தெரியும்மா."

"ரொம்ப நல்லது" என்றார் அண்ணாதுரை. மீதி டீயை அவர் குடிக்கவில்லை.

ராத்திரி ஷிஃப்ட்டிலும் சம்பங்கி எழுந்திருக்கவில்லை. கூட்ட வந்த லட்சுமியம்மாள் சிரித்தாள். "ஆடு மேய்க்கிறவகூட நடுவுல எந்திரிச்சுப் போவாளே. போய்ச் சாப்ட்டு வா, நான் பாத்துக்கறன்."

"பிளக்குல தொடப்பம் படாம பாத்துக்கக்கா."

"பட்டா?"

"என் வேலை போயிரும்."

லட்சுமியம்மாள் துடைப்பத்தைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணமும் குங்குமமும் பெண்களிடம் வந்தன. சம்பங்கி பிரஸ் மெஷினுக்கு வைத்தாள், ஃபோர்க்லிஃப்டுக்கு வைத்தாள், கேட்டில் கைரேகை பதிகிற வருகை மெஷினுக்கும் வைத்தாள். ஒவ்வொரு மெஷினாக ஓய்ந்தது. கடைசியில் முதலாளி, பேரிகை ஊரிலிருந்து வந்த ஐயரோடு லேபிள் அறைக்கு வந்தார்.

"இது மட்டும் ஏன் ஓடுது?"

"அணைக்க வேண்டாம்னு வெஸ்லின் சார் சொல்லியிருக்காருங்க" என்றாள் சம்பங்கி.

"வெஸ்லினுக்கு நம்ம பூஜையப் பத்தி என்னா தெரியும்?" என்றார் அண்ணாதுரை. "ஆயுதம் ஓயாம பூஜை பண்ணா வருஷம் பூரா ஆகாது சார்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் போகுது. அணைச்சிட்டுத் திரும்பப் போட்டுக்கங்க."

"நீயே அணைம்மா" என்றார் அண்ணாதுரை. "பொம்பளைப் புள்ள கை."

சம்பங்கி நின்றாள். பின்னால் பொரிக்கும் கடலைக்கும் காத்து மொத்த ஷிஃப்ட்டும் நின்றது. "அமுக்கு தாயி, பசிக்குது" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அமுக்கினாள். திரை இருண்டது. பட்டனில் சந்தன விரல் பதிந்திருந்தது.

பூசணிக்காய் உடைத்த பிறகு மறுபடி போட்டார்கள். லேபிள் ஒரு எண் பிசகாமல் வந்தது. முதலாளி கம்ப்யூட்டரைக் கும்பிட்டார்.

சொன்னபடி அடுத்த நாள் காலையில் வந்த வெஸ்லின் மெமரியைக் காப்பி எடுத்து, தன் லேப்டாப்பில் வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையே. யார் அணைச்சது?"

"இந்தப் பொண்ணுதான்" என்றார் அண்ணாதுரை. "ஷிஃப்ட்டே பாத்துச்சு."

"டிஸ்க்ல, இதுல செருகின சாமானோட பேருதான் இருக்கு. பேரில்லாத பென் டிரைவ் நாலு. பேரில்லாத போன் ஏழெட்டு. பேரோட இருக்கிற போன் ஒண்ணுதான், சம்பங்கின்னு. இதை வச்சு எதுன்னு சொல்ல முடியாது. ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதுவேன்."

"எழுதுங்க சார். ஒரு பேரு கெடைச்சிருச்சில்ல." அண்ணாதுரை அவரிடம் ஸ்வீட் பாக்ஸைத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தார். பையில் மணமக்கள் பெயரோடு ஸ்டிக்கர் இருந்தது.

"சார், இந்த ஸ்டிக்கர்தான் சார்" என்றாள் சம்பங்கி.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார் அண்ணாதுரை.

வெஸ்லின் ஸ்டிக்கரைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். பையை வாங்கிக்கொண்டு காருக்குப் போனார்.

மறுநாள் காலை ஷிஃப்ட்டுக்குச் சம்பங்கி கேட்டில் வரிசையில் நின்று கட்டைவிரலை வைத்தாள். மெஷின் சிவப்பாக எரிந்து, மறுபடி முயலச் சொன்னது.

"விரல்ல பூஜைக் குங்குமம் இன்னும் ஒட்டியிருக்கும், தொடைச்சிட்டு வையி" என்றார் வாட்ச்மேன்.

யூனிஃபார்ம் கோட்டில் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. ஒவ்வொரு விரலுக்கும் பச்சை எரிந்தது. மெஷினின் நெற்றியில் அவள் வைத்த பொட்டு இன்னும் உதிரவில்லை.