நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே

நில அளவை அலுவலகத்தில் எனக்கு ‘நூல்கண்டு’ என்று பெயர். மற்றவர்கள் கணினியில் ஒரு சொடுக்கில் தூரத்தை அளந்துவிடுவார்கள். நான் இன்னும் தையல் நூலைத் தெருவின் வளைவுகள் மேல் படிய வைத்து, வெட்டி, அளவுகோலில் நீட்டிப் பார்க்கிற ஆள். வீட்டிலும் அதே வேலைதான். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தால் எந்தச் சந்தில் நுழைந்து எந்தப் பாலத்தைக் கடக்கலாம் என்று மணிக்கணக்கில் ஊர் சுற்றுவேன். காலால் நடப்பது பேருந்து நிறுத்தம் வரைதான். ஏட்டுச் சுரைக்காய் என்பாள் அக்கா.

அந்தச் சுரைக்காய்க்கும் ஒரு நாள் கிராக்கி வந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். இதய அடைப்பை எடுத்த பிறகு மருத்துவர் ஆறு வாரக் கெடு வைத்தார். தினம் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும், சமதளத்தில் மட்டும். ஏற்றம் கூடவே கூடாது. முடிவில் நடை இயந்திரத்தில் ஒரு சோதனை. தேறினால் மறுபடி ஸ்டீயரிங். தேறாவிட்டால் டிப்போ கேட்டில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளின் எண்ணை எழுதலாம். மற்றவன் ஓட்டுவதைத் தினம் வேடிக்கை பார்ப்பதை ஒரு வேலை என்று அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்கள் குடியிருக்கும் பகுதி மேடும் பள்ளமுமானது. இரண்டு மாலை உட்கார்ந்து பாதை தேடினேன். எங்கள் வரைபடத்தில் உயரத்தைக் காட்ட மெல்லிய பழுப்புக் கோடுகள் உண்டு. ஒரு கோட்டைத் தாண்டினால் ஏறுகிறோம், அல்லது இறங்குகிறோம். ஒரு கோட்டைக்கூடத் தொடாமல், அச்சகத்தின் பின்சந்து வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், பள்ளிக்கூட மதிலைச் சுற்றி வீடு திரும்பும் பாதை கிடைத்தது. நூலும் கச்சிதமாக மூன்று கிலோமீட்டர் காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்பு மையில் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“மேடு கீடு இல்லையே மாப்ள?”

“ஒரு கோடுகூட இல்ல அத்தான். தட்டு மாதிரி இருக்கும்.”

அப்புறம் எப்போது கேட்டாலும், “போயிட்டுத்தான் இருக்கேன்” என்பார். ஆறாவது வாரம், சோதனைக்கு முந்தின நாள், அக்கா அலுவலகத்துக்கே போன் செய்தாள்.

“நாளைக்கு டெஸ்ட்டுக்கு வரமாட்டாராம்டா. கேட் வேலையே போதும்னு லெட்டர் எழுதி சட்டைப் பையில வெச்சிருக்காரு. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. நீ வந்து பேசு.”

நான் போனபோது அத்தான் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். “வா, நடந்துக்கிட்டே பேசுவோம். இன்னைக்கு ஒருநாள்தானே” என்றார். நான் போட்ட பாதையில் நானே கால் வைத்தது அன்றுதான்.

அச்சகத்தின் பின்சந்தில் இரண்டு பக்கமும் உயரமான மதில்கள். நான் புத்திமதி சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் வாக்கியங்கள் பாதியில் நின்றன. என் தொப்பைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அத்தான் மதிலில் கையை ஊன்றி நின்றார்.

“நாப்பது நாளா இதே எடத்துல மூச்சு வாங்குது மாப்ள. தட்டு மாதிரி இருக்கிற ரோட்டுலயே இப்படின்னா, இந்த நெஞ்ச நம்பி அம்பது பேர ஏத்திக்கிட்டுப் போகலாமா? சொல்லு.”

அப்போது வளைவுக்கு மேலே யாரோ கார் கழுவினார்கள் போலிருக்கிறது. சோப்பு நுரையோடு தண்ணீர் மதிலோரமாக வந்தது. எங்கள் ஷூவைத் தாண்டி, நாங்கள் வந்த வழியே அவசரமாக இறங்கிப் போனது. தண்ணீருக்கு என் வரைபடம் தெரியாது.

அத்தானின் கையிலிருந்த வரைபடத் தாளை வாங்கி விரித்தேன். சந்துக்கு இடப்பக்கம் நாற்பது மீட்டர் உயரக் கோடு. வலப்பக்கம் அறுபது மீட்டர் கோடு. நடுவில் வெள்ளை. சந்தின் அடி நாற்பதை ஒட்டியிருந்தது, மேல்முனை அறுபதை ஒட்டியிருந்தது. அந்தத் தாளில் இருபது மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடுதான் உண்டு. இடையில் தரை என்ன ஆட்டம் போட்டாலும் காட்டாது. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது.

“அத்தான், இது ஏத்தம்.”

“என்னது?”

“சந்து முழுக்க ஏத்தம்தான். தப்பு என்மேல.”

“கியர் மாத்தினாத்தான் எனக்கு ஏத்தம் தெரியும். கால்ல எங்க தெரியுது? நீயும் இல்லைன்னுட்ட.” மேலே வளைவு வரைக்கும் பார்த்தார். “எவ்வளவு இருக்கும்?”

“பதினெட்டு மீட்டர் இருக்கும். ஆறு மாடி ஏறின மாதிரி.”

“அப்புறம் ஏன் கோடு போடல?”

“இருபதுக்குத்தான் போடுவோம்.”

அவர் தாளில் அந்த வெள்ளையை விரலால் தடவிப் பார்த்தார்.

“ரெண்டு மீட்டர் கொறஞ்சதுக்கா, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார்.

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. ஏறவே கூடாது என்று சொல்லப்பட்ட மனிதரை நாற்பது தடவை ஏற்றியிருக்கிறேன். ஏதாவது ஆகியிருந்தால் அக்காவின் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

“மன்னிச்சிருங்க அத்தான். வாங்க, இறங்கிடலாம்.”

அவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

“பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. விட்டுப்போன கோட்ட அதுல போட்டுக்க.”

சொல்லிவிட்டு மேலே நடக்க ஆரம்பித்தார். பத்தடி போனதும் திரும்பி, எனக்காக நின்றார்.

“மெதுவா வா மாப்ள. ஏத்தம்.”