மியூட் போட்ட குரல்

பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது. என் தங்கையின் கணவர் எனக்குத் தர வேண்டிய பாக்கி அது. அன்றைக்கு அதை வாங்காமல் திரும்புவதில்லை என்றுதான் கிளம்பினேன். வீம்பு ஒன்றும் இல்லை. குடியிருந்த அறையை அன்றே காலி செய்தாக வேண்டும். ஐந்து மணிக்குள் முன்பணம் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று புது அறைக்காரர் சொல்லிவிட்டார். என் மனைவி பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டி, அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

நான் சிமெண்டுக் கிடங்கில் லோடு இறக்குகிறவன். மாப்பிள்ளை பாட்டு மிக்சிங் செய்கிறவர். யார் யாரோ பாடியதையும் வாசித்ததையும் கம்ப்யூட்டரில் தனித்தனித் தடமாகப் போட்டு, ஏற்றி இறக்கி ஒரே பாட்டாக்கித் தருவார். டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. உள் அறைச் சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய கம்பளியும். வெளி அறையில் என் தங்கை தலையணை உறை தைப்பாள்.

போன வருடம் மாப்பிள்ளைக்கு, கிதாரைக் கரகரக்க வைக்கிற ஒரு 'டிஸ்டார்ஷன் ப்ளகின்' தேவைப்பட்டது. கூடவே பாட்டுப் பதிகிற ஒரு பெட்டியும். தங்கைதான் வந்து கேட்டாள். "அவருக்குக் குடுண்ணா. நான் பொறுப்பு." கொடுத்தேன். பெட்டியைப் பார்த்தேன், உள்ளங்கை அகலம் இருந்தது. மற்றது எங்கே என்றேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு மச்சான்."

"எடுத்துக் காட்டுங்க."

"கையில எடுக்க முடியாது."

"இவ்வளவு விலைக்குக் கையில எடுக்க முடியாத சாமானா? நாளைக்குத் திருடன் வந்தா பாவம், எதைத் தூக்குவான்?"

அதற்கே தங்கை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அன்று நான் உள்ளே நுழைந்தபோது மாப்பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேசை மேல் இருந்த போனிலிருந்து ஒரு குரல் கத்தியது. நடனக் குழு வைத்திருக்கும் மாஸ்டர்.

"என் பிள்ளைங்க எல்லாம் கால முன்னாடியே தூக்குதுங்க தம்பி! அந்த உறுமல் வந்தா கால் எழும்பணும்னு பழக்கி வச்சிருக்கேன். உறுமல் பாட்டுக்கு முன்னாடியே வந்து நிக்குது. நாளைக்கு மேடை. மூணு மணிக்கு நானே வரேன். சரியா இருந்தா கையில காசு. இல்லன்னா முன்ன குடுத்ததையும் எடுத்து வை."

போன் அணைந்தது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். நான் எதற்கு வந்தேன் என்று தெரியும்.

"அவர் குடுத்தா அப்படியே உங்களுக்குத்தான் மச்சான்."

"அவர் குடுக்கலன்னா?"

மாப்பிள்ளை பாட்டை ஓடவிட்டார்.

நல்ல பாட்டுத்தான். ஒரு பெண் அடித்தொண்டையில் தொடங்கி மேலே ஏறுவாள். அவள் அழுத்தும் இடங்களில் கிதார் துணி கிழிகிற மாதிரி உறுமும். அந்த உறுமல்தான் நான் காசு கொடுத்த சாமான். அது தன் பாட்டுக்கு உறுமாது, பாடுகிறவளின் குரலைக் கேட்டுக் கேட்டு உறுமும் என்றார். அந்தச் சாமான் கிதார் தடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதன் காது மட்டும் வேறு தடத்தில் இருக்கிறது. அவள் அழுத்தினால் கரகரப்பு ஏறும், தணிந்தால் அடங்கும். இதற்குச் சைடுசெயின் என்று பெயராம். லாரி மேல் நிற்கிறவன் குரல் கொடுத்தால் கீழே நிற்கிறவன் முதுகைக் கொடுப்பான், அதுபோல என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இங்கே மேலிருப்பவன் வாயைத் திறக்கும் முன்பே கீழிருப்பவன் குனிந்துவிடுகிறான். அவள் பாடத் தொடங்கக் கண்சிமிட்டும் நேரம் இருக்கும்போதே கிதார் உறுமிவிடுகிறது. எல்லா வரியிலும் அப்படி இல்லை. சில வரியில் கொஞ்சம், சில வரியில் நிறைய.

"டயர் கடை காத்து மிஷினா இருக்குமோ?" என்றார் மாப்பிள்ளை. "அது ஓடினா கரண்டு ஏறி இறங்குது."

சும்மா உட்கார முடியாமல் நானே போய்க் கேட்டேன். டயர் கடைக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்க பாட்டுக்காக நான் டயரை வாயால ஊதவா?" என்றார். ஆனாலும் நிறுத்தினார். உறுமல் நிற்கவில்லை, முன்னாடியேதான் வந்தது. மாப்பிள்ளை வயரைப் பிடுங்கி மாட்டினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். என் மனைவி போன் செய்தாள்.

"அடுத்த குடி வந்துட்டாங்க. கட்டிலத் தூக்கிட்டு வாசல்ல நிக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"உக்காரச் சொல்லு."

"எதுல? நான் உக்காந்திருக்கிற மூட்டையிலயா?"

நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். தங்கை நாலு தையல் போடுவாள், எழுந்து வருவாள், எட்டிப் பார்ப்பாள், போய் மறுபடி மிதிப்பாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். சாலையைக் கடக்கும்போது என் கையை உதறிக்கொண்டு முன்னே ஓடுவாள். அதனால் 'ரயிலு' என்று பெயர் வைத்தேன்.

மாப்பிள்ளை மறுபடி பாட்டைப் போட்டார். மூன்றாவது வரியில் உறுமல் முந்திக்கொண்டு வந்தது. தையல் மிஷின் டக்கென்று நின்றது.

"அது நாந்தாங்க," என்றாள் தங்கை.

"எது நீ?"

"அந்த அவசரம். அந்த வரியில நான் மூச்சு எடுக்காம ஓடுவேன். நீங்க கூடத் திட்டினீங்களே."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. காசு வாங்கிப் பாடுகிற பாடகி வரும் முன், மெட்டுக்கு அடையாளமாகத் தங்கையை ஒரு தடவை பாடச் சொல்லிப் பதிந்திருக்கிறார். உறுமுகிற சாமானின் காதை அந்தத் தடத்தில்தான் வைத்திருக்கிறார். பிறகு பாடகி பாடிய தடம் வந்ததும் தங்கையின் குரலுக்கு மியூட் போட்டுவிட்டார். காதை மட்டும் எடுத்து மாற்ற மறந்துபோனார். மியூட் போட்டால் நம் காதுக்குத்தான் கேட்காதாம். அந்தச் சாமானுக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

மாப்பிள்ளை திரையில் ஒரு மூலையைத் திறந்து பார்த்தார்.

"நீதான்," என்றார்.

"ஊமையாக்கினாலும் என் பேச்சத்தான் கேக்குது பாருங்க," என்றாள் அவள். "வீட்டுலயும் இப்படி யாராவது கேட்டா நல்லாயிருக்கும்."

வேலை முடிந்தது என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். முடியவில்லை. காதைப் பாடகியின் தடத்துக்கு மாற்றினார். நேரம் சரியாகத்தான் வந்தது, உயிர் போய்விட்டது. அந்தப் பாடகி வேறு இடத்தில் பாடி, மேடு பள்ளமெல்லாம் அமுக்கித் தட்டையாக்கி அனுப்பியிருந்தார்களாம். கேட்கிற குரல் தட்டையாக இருந்தால் உறுமலும் தட்டைதான். தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரே இரைச்சல். பழையபடி தங்கையின் தடத்துக்கே வந்து, அவள் வரிகளைப் பின்னால் இழுத்து வைத்துப் பார்த்தார். வரி தொடங்கும் இடம் சரியானால் நடுவில் ஓடினாள். நடுவைப் பிடித்தால் கடைசியில் ஓடினாள்.

மணி இரண்டரை ஆகிவிட்டது.

"எழுந்து வா," என்றார் மாப்பிள்ளை. "பாடகி குரலக் காதுல போட்டுக்கிட்டு, அவ கூடவே மறுபடி பாடு. உன் குரல் வெளிய வராது. இது கேக்கத்தான்."

"வெளிய வராத குரலுக்கு இத்தன பாடா?" என்றாலும் வந்து நின்றாள்.

காற்று மிஷின் சத்தம் மைக்கில் விழுந்தால் அதற்கும் கிதார் உறுமும் என்பதால் நான் மறுபடி ஓடினேன். "மறுபடியுமா?" என்றார் டயர் கடைக்காரர். "ஒரு பாட்டு நேரம். அதுக்கு மேலன்னா நீ வந்து ஊது."

முதல் வரி சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் ரயில் கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை நிறுத்தினார்.

"காதுல கேக்குதுல்ல? அவ வர வரைக்கும் நில்லேன்!"

"கேக்குது. நிக்க முடியல. மணி ஆகுது, அண்ணி மூட்டை மேல உக்காந்திருக்காங்க, அந்த ஆளு வந்துடுவாரு. எப்படிங்க நிக்கறது?"

பேசும்போதே அவள் காலை மாற்றி மாற்றி வைத்தாள். நானும் நின்ற இடத்தில் நிற்கவில்லை, காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காசைக் கேட்டு வந்து நிற்கிறவன் நான்தானே, அவளை விரட்டுவதும் நான்தான். மாப்பிள்ளையிடம் இன்னொரு ஹெட்போன் வாங்கி என் காதில் மாட்டிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் போய் நின்று இரண்டு தோளிலும் கையை வைத்து அழுத்தினேன். சாலையோரத்தில் அப்படித்தான் பிடிப்பேன். வண்டி போகும்வரை அழுத்தம், போனதும் கையை எடுப்பேன்.

"எடுத்தாத்தான் போகணும்," என்றேன்.

"தெரியும்," என்றாள்.

பாட்டு ஓடியது. பாடகி மூச்சு இழுப்பது என் காதில் கேட்டது. தோள் துள்ளியது. விடவில்லை. பாடகி வாய் திறந்ததும் கையை எடுத்தேன். தங்கை போனாள், அந்தப் பெண்ணோடு ஒட்டிக்கொண்டே போனாள். அடுத்த வரிக்கு மறுபடி அழுத்தினேன். லோடு தூக்கிக் காய்த்த கை, எவ்வளவு அழுத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நடுவில் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. கடைசி வரி முடிந்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நொடியே வெளியே காற்று மிஷின் அலறத் தொடங்கியது.

மாஸ்டர் வந்தபோது மாப்பிள்ளை அந்தத் தடத்துக்கு மியூட் போட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். அவர் வலது கால் செருப்புக்குள் காத்திருந்தது. மூன்றாவது வரி. பாடகி அழுத்தினாள், கிதார் அவளோடு சேர்ந்து கிழிந்தது, செருப்பு எழும்பியது. சரியாக எழும்பியது.

"இப்ப பிடிச்சான்!" என்றார். "யாருய்யா கிதாரு?"

"கிதாரு இல்லீங்க," என்றாள் தங்கை.

"பின்ன?"

"அது பெரிய கதை. நீங்க காசை எடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே நீட்டிய கட்டை மாப்பிள்ளை வாங்கினார். எண்ணவில்லை. தங்கையிடம் கொடுத்தார். "நீதான பொறுப்புன்னு சொன்ன. நீயே குடு."

அவள் விரலை நாக்கில் தொட்டு மடமடவென்று எண்ணி என் கையில் வைத்தாள். நான் மெதுவாகத்தான் எண்ணுவேன். எண்ணி முடித்தேன்.

"அம்பது குறையுது ரயிலு."

"குறையல. எடுத்துக்கிட்டேன்."

"எதுக்கு?"

"தோள்பட்டையா இது, சிமெண்டு மூட்டையா? அந்த அமுக்கு அமுக்கின. தைலத்துக்கு."

போன் மறுபடி அதிர்ந்தது. காசை இடுப்பில் சொருகிக்கொண்டு, "கணக்கு தீந்தது போ," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.