காலி வாளியின் கனம்

காலி வாளி தூக்கினால் முதுகு வலிக்குமா என்று கேட்டால், வலிக்கும். எனக்கு வலித்தது.

தங்கை புருஷனின் பெயிண்ட் கடையில் பதினெட்டு வருடமாகச் சுமை தூக்குகிறேன். மாப்பிள்ளைக்கு ஒரு கடை போதவில்லை. மொத்தக் கடைக்காரரிடம் ஏற்கெனவே கழுத்தளவு பாக்கி. இருந்தும் பெரிய சாலையில் இன்னொரு கடை போட வேண்டுமாம். பெயர்ப்பலகையை எழுதி வாங்கிக் கதவோரம் சாத்தியும் விட்டார். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதைதான்.

மொத்தக் கடைக்காரர் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பதாகவும், வியாபாரம் நன்றாக ஓடினால் புதுக் கடைக்கும் கடனுக்குச் சரக்குத் தருவதாகவும் சொன்னார். ஈடு, தங்கை பெயரில் இருந்த வீட்டுப் பத்திரம். அவள் மாட்டேன் என்றாள். மாப்பிள்ளை பட்டினி கிடந்தார். மூன்றாம் நாள் அவள்தான் தோற்றாள்.

கடையில் சரக்கு ஏது? பெயிண்டர்களிடம் காலி வாளிகளை வாங்கி, என்னையே கழுவவிட்டு, மூடி தட்டி அடுக்கச் சொன்னார். அதோடு விட்டாரா? மொத்தக் கடைக்காரர் வந்து உட்கார்ந்திருக்கும்வரை கிடங்கிலிருந்து கடைக்கு நான் வாளி சுமந்துகொண்டே இருக்க வேண்டுமாம்.

"மச்சான், கொஞ்சம் முக்கணும். இருபது லிட்டர்னா சும்மாவா?"

"காத்துக்கு எப்படி மாப்ள முக்குறது?"

"என் மானமே உங்க தோள்லதான் இருக்கு."

அதற்கும் எடை இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. தங்கை முகத்துக்காக விழுங்கினேன்.

மொத்தக் கடைக்காரர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பத்திரம் மேசைமேல் இருந்தது. நான் வளைந்தேன், முக்கினேன், ஐந்து நடை நடந்தேன். ஆறாவது நடையில் அவர் என் முட்டிவலியைப் பற்றி விசாரித்தார். என் புத்தியை எதால் அடிப்பது? வாளியைத் தோளில் வைத்தபடியே வைத்தியர் சொன்னது, தைலம், பத்தியம் எல்லாவற்றையும் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தேன். கனம் தூக்குகிறவன் பேச மாட்டான். அது எனக்குத் தெரியாதா?

அவருக்கும் தெரிந்திருந்தது. வாளியில் என்ன என்று கேட்டார். வெள்ளை பெயிண்ட் என்று மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"சுமக்கிறவரைக் கேக்குறேன். அதுல என்னங்க இருக்கு?"

இத்தனை வருடத்தில் எடையைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை. வாளியை ஒரே விரலால் இறக்கி வைத்தேன்.

"என் தங்கச்சி வீடு இருக்குதுங்க. வேற ஒண்ணும் இல்ல."

அவர் பத்திரத்தை மாப்பிள்ளை பக்கம் தள்ளினார். பழைய பாக்கியை மாதாமாதம் கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மாப்பிள்ளை என்னோடு நேராகப் பேசுவதில்லை. தங்கையும் திட்டினாள், வெளியாள் முன்னால் அவர் மானத்தை வாங்கிவிட்டேனாம். திட்டிக்கொண்டே பத்திரத்தைக் கொண்டுவந்து என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

காலி வாளிகளைத் தண்ணீர் பிடிக்க ஜனங்கள் வாங்கிப் போகிறார்கள். பெயிண்டைவிட வேகமாகப் போகிறது. பெரிய சாலையில் ஒரு வாளிக் கடை போட்டால் என்ன என்று மாப்பிள்ளை நேற்று தங்கை மூலம் கேட்டனுப்பினார்.

பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. தூங்கும்போதும் அவிழ்ப்பதில்லை.