இருநூற்றுப் பன்னிரண்டு தலைகள்

கோட்டக்கா என்ற பெயரை அவளுக்கு யார் வைத்தார்கள் என்று ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் நினைவில்லை. ஒன்பது வருடமாக மூளைப் படங்களில் கோடு போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? வந்த புதிதில், கோடு போடச் சொன்னால் ரோடே போட்டுவிடுவாள் என்று புகழ்ந்தார்கள். இப்போது புகழ்ச்சி போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. கூடவே ஒரு கழுத்து வலியும், மேசை இழுப்பறையில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தும்.

வேலை இதுதான். கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி மூளை இருந்தது. நோயில்லாத பலருடைய படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து, எந்தப் பகுதிக்கு என்ன பெயர், எது எங்கே முடிகிறது என்று நிபுணர்கள் எல்லை வரைந்து வைத்த படம். வலிப்பு நோயாளி ஒருவரின் ஸ்கேன் வந்தால், கம்ப்யூட்டர் அந்த மாதிரியை இழுத்து வளைத்து அதன்மேல் பொருத்தி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம் பூசிப் பெயரை இறக்கிவிடும். கடையில் வாங்கிய சட்டையை ஆளுக்குத் தக்கபடி பிடித்துத் தைப்பது போல. முக்கால்வாசி சரியாக உட்காரும். மீதியில் நிறம் எல்லை தாண்டி வழிந்திருக்கும். அதை ஒவ்வோர் அடுக்காகத் திறந்து திருத்திவிட்டு, அடியில் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவது கோட்டக்காவின் பொறுப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வந்த படத்தில் கம்ப்யூட்டர் மண்டையோட்டை உரிக்கத் தவறியிருந்தது. வழக்கமாக மண்டையோட்டையும் தோலையும் நீக்கிவிட்டு மூளையை மட்டும்தான் அவளுக்குக் காட்டும். இதில் பாதி ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது. சலித்துக்கொண்டே மூலப் படத்தைத் திறந்தாள். நோயாளியின் கன்னப்பொட்டில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. ஸ்கேன் எடுக்கிறவர்கள் வலது பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டிவிடுவார்கள். பக்கம் குழம்பாமல் இருக்கத்தான்.

புள்ளி இடது பக்கம் இருந்தது.

மாத்திரையை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அதே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேறொரு மூலப் படத்தைத் திறந்தாள். அதிலும் இடது. இன்னொன்று. அதிலும். பத்துப் படம் பார்த்த பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் புது ஸ்கேன் இயந்திரம் வைத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து வந்த எல்லாப் படங்களும், ஆய்வுக்கூடத்தின் கோப்பு வடிவத்துக்கு மாற்றப்படும்போது இடம் வலமாகப் புரண்டிருந்தன. ஆஸ்பத்திரியில் இருக்கும் படங்கள் சரி. இங்கே இருப்பவைதான் தப்பு. எண்ணிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு.

டாக்டரம்மாதான் ஆய்வுக்கூடத்தின் தலைவி. அறையில் வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள். கோட்டக்கா சொல்லச் சொல்லக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்கே.”

“இருக்கு டாக்டர்.”

“கட்டுரைல என்னோடது இருக்கு.” கட்டுரைத் தாளை ஒரு தடவை புரட்டினாள். “பேரை மட்டும் இடம் வலம் மாத்திட்டா போதாதா?”

தெரிந்தேதான் கேட்டாள் என்று கோட்டக்காவுக்குப் புரிந்தது. “போதாது டாக்டர். மாதிரி மூளையே ரெண்டு பக்கமும் ஒரே அளவு கிடையாது. தப்பான பக்கத்துமேல இழுத்து வச்சிருக்கு. முதல்லேர்ந்து ஓட்டணும். நான் கையால திருத்தினதெல்லாம் போச்சு.”

“அது எவ்வளவு நாள் வேலை?”

“ஒம்பது மாசம்.”

டாக்டரம்மா கட்டுரையின் தாள்களை ஒன்றுசேர்த்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்கு வந்தது. “இதுல எதாவது வெளிய போயிருக்கா?”

ஆய்வு முடிவுகள் நோயாளிகளுக்குப் போவதில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் அறுவைப் பிரிவு இரண்டு தடவை கேட்டு வாங்கியிருந்தது. வலிப்பு மருந்துக்கு அடங்காதபோது, சுருங்கிப்போன பகுதியை வெட்டி எடுப்பார்கள். எந்தப் பக்கம் சுருங்கியிருக்கிறது என்று அளந்து சொல்கிற தாள்கள் அவை. இரண்டிலும் ‘இடது’ என்று எழுதி, கீழே கோட்டக்கா கையெழுத்துப் போட்டிருந்தாள்.

டாக்டரம்மா அங்கேயே அறுவை நிபுணருக்குப் போன் போட்டு, இருவரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள். முதல் நோயாளி ஒரு பாங்க் பணியாளர், இரண்டாமவர் ஒரு தச்சர். முதலாமவருக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

“எந்தப் பக்கம் சார் எடுத்தீங்க?” என்று டாக்டரம்மா கேட்டாள்.

“வலது. வலதுதானே சுருங்கியிருந்துச்சு?”

“எங்க ரிப்போர்ட்ல இடதுன்னு போட்டிருந்தோம்.”

“அப்படியா?” அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரண்டது. “உங்க ரிப்போர்ட்டை நான் பிரிக்கிறதே இல்லைங்க. கலர் கலரா அழகா இருக்கும், ஃபைல்ல வச்சிருப்பாங்க. நான் படத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவேன்.”

கோட்டக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு, இந்த ஒன்பது வருடத்தில் தான் போட்ட கோடுகளை யாரும் பார்த்ததே இல்லையோ என்ற எண்ணமும் வந்தது.

“ரெண்டாவது கேஸ், அந்தத் தச்சர்?” என்று டாக்டரம்மா கேட்டாள்.

“அது என் ஜூனியர் பார்த்த கேஸ். அவர் எல்லாத்தையும் வரி விடாம படிக்கிற ஆளு. படத்துல ஒரு பக்கம், ரிப்போர்ட்ல ஒரு பக்கம்னு சந்தேகப்பட்டு ஆபரேஷனை நிறுத்திட்டார். மறுபடி மறுபடி டெஸ்ட். எட்டு மாசமா நடக்குது.”

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அவள் கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நாலு மணிக்கு எழுந்து எட்டு மணிக்குப் படுத்துவிடுவான். இருவரும் நிதானமாகப் பேசிக்கொள்ள அந்த அரைமணி நேரம்தான் உண்டு. எல்லாவற்றையும் சொன்னாள்.

“இப்ப நீ தப்பு பண்ணியா, கம்ப்யூட்டர் தப்பு பண்ணுச்சா?”

“அது புரட்டிப் போட்டுச்சு. நான் சரின்னு கையெழுத்துப் போட்டேன்.”

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தான். “வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?”

“தூக்கினா யாருங்க இருநூத்திப் பன்னிரண்டையும் திரும்பப் பண்றது?”

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. “அந்தத் தச்சரை நான் போய்ப் பார்க்கணும்,” என்றாள்.

டாக்டரம்மா கடிதம் எழுதி அனுப்பினால் போதும் என்று நினைத்திருந்தாள். கோட்டக்கா போகிறேன் என்றதும், “நீங்க போனா நான் எப்படி இங்க உட்கார்ந்திருக்கிறது?” என்று தானும் கிளம்பினாள். வியாழக்கிழமை காலை இருவரும் வெளிநோயாளிப் பிரிவின் நீண்ட நடைவழியில், இரும்பு நாற்காலிகளில், தச்சருக்கும் அவர் மனைவிக்கும் எதிரே உட்கார்ந்தார்கள். தச்சருக்கு நாற்பது வயதிருக்கும். புருவத்தில் தையல் போட்ட தழும்பு. நாலு மாதம் முன்பு அறுப்பு இயந்திரத்தின் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்தாராம். அதற்குப் பிறகு முதலாளி அவரை இயந்திரத்தின் அருகில் விடுவதில்லை. மரத்தில் உப்புத்தாள் தேய்க்கிற வேலை மட்டும் கொடுத்திருந்தார்.

டாக்டரம்மா ஆரம்பித்தாள். பாதியில் பொறுக்கமுடியாமல் கோட்டக்கா குறுக்கிட்டாள். “அண்ணே, உங்க தலைப் படத்துல வலதை இடதுன்னு எழுதிட்டோம். பார்த்துச் சரின்னு சொன்னது நான்தான். அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு நாள் தள்ளிப்போச்சு.”

தச்சர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். “நானும் பலகையைத் திருப்பி வச்சு அறுத்திருக்கேம்மா,” என்றார் மெதுவாக. “பலகைன்னா வேற பலகை எடுத்துக்கலாம்.”

தச்சரின் மனைவி இடையில் புகுந்தாள். அவள் மடியில் எட்டு மாதத்துச் சீட்டுகள் ஒரு துணிப்பையில் பிதுங்கிக்கொண்டிருந்தன.

“தப்பு யாருதுன்னு அப்புறம் பார்த்துக்கலாங்க. இவரைத் தனியா விட்டுட்டு நான் குளிக்கப் போய் எட்டு மாசம் ஆச்சு. பிள்ளை ஸ்கூல்லேர்ந்து வந்து உட்கார்ந்தாத்தான் நான் எழுந்திருப்பேன். இப்ப தேதி குடுப்பாங்களா, அதைச் சொல்லுங்க.”

டாக்டரம்மா எழுந்து ஜூனியர் டாக்டரின் அறைக்குப் போனாள். கதவு மூடியே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு சீட்டுடன் வந்தாள். மூன்று வாரத்தில் ஒரு தேதி. தச்சரின் மனைவி சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டுப் பையில் வைத்தாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லாதது கோட்டக்காவுக்கு ஆறுதலாக இருந்தது.

கட்டுரை போகவில்லை. கூடத்தில் யாரும் யாரையும் திட்டவும் இல்லை. திட்டுவதற்குத் தெம்பு வேண்டுமே. கம்ப்யூட்டர் நிரலைத் திருத்தி எல்லாப் படங்களையும் மறுபடி ஓட்டினார்கள். கோட்டக்கா முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஒன்று, தெம்பிருந்தால் இரண்டு. சில தலைகளை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. இந்த மடிப்பில் இதே இடத்தில்தான் போன வருடமும் நிறம் வழிந்தது என்று தோன்றும். பழைய திருத்தம் எதற்கும் உதவாது. முதலில் இருந்து திருத்தவேண்டும்.

நாற்பத்தொன்றாவது படத்தில் இருந்தபோது தச்சரின் புது ஸ்கேன் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கடைசியாக வலிப்பு வந்து ஏழு வாரம் ஆகிறது என்று கூட வந்த தாளில் எழுதியிருந்தது. சில தெரிந்த முகங்களின் பெயர் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறதாம்.

படத்தைத் திறந்தாள். முதலில் மூலப் படம், பிறகு பக்கம், பிறகுதான் மற்றது. வலது பக்கம், வெட்டி எடுத்த இடம் கறுப்பாக, ஒரு கட்டைவிரல் அளவுக்கு வெறுமையாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. மாதிரி மூளையில் அங்கே ஒரு பகுதி உண்டு. எனவே அந்தக் குழிக்குள்ளும் பச்சை நிறத்தைப் பூசி, பெயரையும் அளவையும் எழுதி வைத்திருந்தது.

கோட்டக்கா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அழிப்பானை எடுத்தாள். முப்பத்தெட்டு அடுக்கு. ஒவ்வொன்றாக அந்தப் பச்சையை அழித்தாள்.