இருபத்து மூன்றாம் நாள் பச்சை

நாற்றுப்பண்ணைக்காரர் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியவர் இல்லை. கடைசியில் நாட்களுக்கும் பேரம் பேசினார்.

மேட்டில் புதிதாக வாங்கிய நிலத்துக் கிணற்றில் பம்பு வைக்க அவருக்கு அனுமதி வேண்டும். கிடைத்தால் ஐயாயிரம் கன்றுகளும் பிழைக்கும். இல்லையென்றால் பாதி வாடும். கீழே காப்புக்காட்டில் சுண்ணாம்பு படியும் ஊற்று ஒன்று உண்டு. இந்தக் கிணற்று நீர்தான் அதற்குப் போகிறதென்றால் பம்பு கிடையாது. கிணற்றில் பச்சைச் சாயம் கரைத்துவிட்டு, முப்பது நாள் ஊற்றைப் பார்க்க வேண்டும் என்றான் நீராய்வாளன். அவன் இவர் மனைவியின் தம்பி.

“முப்பதா? தண்ணி என்ன நொண்டிக்கிட்டா போகுது மாப்ளே? பதினைஞ்சு வச்சுக்கோ.”

“மாமா, இது காய்கறிக் கடை இல்ல.”

“சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். இருபது.”

அக்காவின் முகத்துக்காக அவன் இறங்கி வந்தான்.

இருபது நாளும் ஊற்றில் சாயம் தட்டுப்படவில்லை. அறிக்கை அப்படியே எழுதப்பட்டது. திங்கட்கிழமை கையெழுத்து.

அதற்கு முன்பு, சனிக்கிழமை மத்தியானம், தன்னை இந்தப் பாடுபடுத்திய ஊற்றின் முகத்தையாவது பார்ப்போமென்று தனியாக இறங்கிப் போனார்.

பாசியின் மேல் சுண்ணாம்பு, அதன் மேல் பாசி, மறுபடியும் சுண்ணாம்பு. விழுந்து கிடந்த ஓர் இலை காம்புப் பக்கம் இலையாகவும் நுனிப் பக்கம் கல்லாகவும் இருந்தது. இவ்வளவு அவசரமில்லாத வேலையாளை அவர் பண்ணையில் ஒருநாளும் வைத்திருந்ததில்லை.

தண்ணீர் லேசாகப் பச்சையடித்தது. பாசி நிழல் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு மர நிழல் என்றார். பிளாஸ்கின் வெள்ளை மூடியில் மொண்டு வெயிலில் பிடித்தார். மூடிக்குள் பாசியும் இல்லை, மரமும் இல்லை. பச்சை இருந்தது.

சுற்றிலும் ஈ காக்கை இல்லை. கொட்டிவிட்டுப் போனால் கேட்க நாதியில்லை. இத்தனை சுலபமாக எந்தப் பேரமும் அவருக்கு அமைந்ததில்லை. எதிரே நின்று ஒரு வார்த்தை மறுத்துப் பேச ஆளில்லாததுதான் என்னவோ போல் இருந்தது. போனை எடுத்தார்.

“மாப்ளே, அந்தக் கையெழுத்த நிறுத்து.”

“ஏன் மாமா?”

“வந்துடுச்சு. பச்சை.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“உன்கிட்டதான். நான் குறைச்சுக் கேப்பேன்யா, அது என் பொழப்பு. நீ எதுக்கு இறங்கினே?”

“கன்னெல்லாம் என்ன பண்றது மாமா?”

“வாடுறதுக்குள்ள வந்த விலைக்குத் தள்ளணும். நீ தண்ணி பிடிக்கிற பாட்டிலோட வா. வெளிச்சம் இருக்கும்போதே வா.”

உட்கார இடம் தேடினார். எங்கே கால் வைத்தாலும் சுண்ணாம்பு நொறுங்கும்போல இருந்தது. மூடியைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நின்றபடியே காத்திருந்தார்.